ஒருவர் வழக்கில் ஊரே வாதி: கூட்டு வழக்கு, ஓர் எளிய அறிமுகம்

தினசரிகளின் திருநெல்வேலிப் பதிப்பில் உள்பக்கங்களைப் புரட்டினால், பொடி எழுத்தில் ஒரு நீதிமன்ற அறிவிப்பு அவ்வப்போது கண்ணில் படும். இன்ன ஊரைச் சேர்ந்த இரண்டு மூன்று பேர் தங்களுக்காகவும் ஊர்ப் பொதுமக்களுக்காகவும் வழக்குப் போட்டிருக்கிறார்கள், இதில் சம்பந்தப்பட்டவர்கள் இன்ன தேதியில் முன்சீப் கோர்ட்டில் ஆஜராகித் தங்கள் தரப்பைச் சொல்லலாம் என்று இருக்கும். சங்கதி பெரும்பாலும் வாய்க்கால் மதகாகவோ, மயானத்துக்குப் போகும் பாதையாகவோ, ஊர்ப் பொது நிலமாகவோ இருக்கும். நாம் படிக்காமலேயே பக்கத்தைத் திருப்பிவிடுவோம். அமெரிக்காவில் கிளாஸ் ஆக்‌ஷன் என்றும் மற்ற நாடுகளில் வேறு வேறு பெயர்களிலும் நடக்கிற கூட்டு வழக்குகளைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அந்த அறிவிப்பிலிருந்து தொடங்குவதுதான் சுலபம்.

சாதாரண வழக்கில், யார் கோர்ட்டுக்குப் போகிறாரோ அவரைத்தான் தீர்ப்பு கட்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே பிரச்சினை இருந்தால் அவர் தனியாக வழக்குப் போட வேண்டும். நூறு பேர் பாசனம் செய்கிற வாய்க்காலை ஒருவர் மறித்துவிட்டால் நூறு வழக்கா போட முடியும்? 1908-ஆம் வருடத்து உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கட்டளை 1 விதி 8. வக்கீல்கள் வாயில் 'ஆர்டர் ஒன்று ரூல் எட்டு'. ஒரே நலன் உள்ள பலருக்காக ஒருவரோ சிலரோ, நீதிமன்றத்தின் அனுமதியோடு, வழக்கு நடத்தலாம். தீர்ப்பு அத்தனை பேரையும் கட்டும், கோர்ட் படியே ஏறாதவரையும் சேர்த்து.

வராதவரையும் தீர்ப்பு கட்டுகிறது என்றால், அவருக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்வி உடனே வருகிறது. கூட்டு வழக்கின் உயிர்நாடி இதுதான். விதி 8 இதற்குச் சில பூட்டுகள் போட்டிருக்கிறது. முதலில், சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் தகவல் போக வேண்டும். ஆள் ஆளாகக் கொடுக்க முடியாத அளவுக்குக் கூட்டம் என்றால் பத்திரிகையில் அறிவிப்பு. அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் தன்னையும் வழக்கில் சேர்க்கச் சொல்லி மனுப் போடலாம். வழக்கு நடத்துகிறவர் எதிர்த்தரப்போடு தனியாகப் பேசி முடித்துக்கொண்டு வர முடியாது. தன்னிஷ்டத்துக்கு வழக்கை வாபஸ் வாங்கவும் முடியாது. எல்லாருக்கும் தெரிவித்து, நீதிமன்றம் ஒப்புக்கொண்டால்தான் சமரசமோ வாபஸோ. வழக்கை அக்கறையாக நடத்தாமல் இழுத்தடித்தால், அவரை நீக்கிவிட்டு ஊரில் இன்னொருவரை அந்த இடத்தில் உட்கார வைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நூறு வருடத்துக்கு மேற்பட்ட விதியில், 1976-ல் திருத்தியபோது இவ்வளவு யோசித்துப் பூட்டுகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

செலவு? ஊர்க் கூட்டத்தில் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். கோயில் கொடைக்குப் பிரிக்கிற மாதிரியே கேஸுக்கும் பிரிப்பார்கள். வக்கீல் ஃபீஸ், பத்திரிகை அறிவிப்புச் செலவு, வாய்தாவுக்குப் பாளையங்கோட்டை போய்வரும் பஸ் காசு எல்லாம் அதிலிருந்து. ஊர் என்று ஒன்று இருப்பதால் இது நடக்கிறது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், வரி கொடுக்காதவரை நாளைக்குக் கொடையில் பார்க்க வேண்டியிருக்கும்.

இப்போது வேறொரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான். ஒரு செல்போன் நிறுவனம், கேட்காத ஏதோ ஒரு சேவைக்கு மாதம் 15 ரூபாய் பிடித்துக்கொண்டே இருக்கிறது. வருடத்துக்கு 180 ரூபாய். அம்பாசமுத்திரத்தில் ஒருவர், களக்காட்டில் ஒருவர், மேலப்பாளையத்தில் ஒருவர், இப்படி இரண்டு லட்சம் பேர். இவர்களுக்கு ஊர் இல்லை, கூட்டம் இல்லை, ஒருவரை ஒருவர் தெரியாது. 180 ரூபாய்க்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் வழக்குப் போடப் போவார்? யாரும் போக மாட்டார்கள், அது நியாயமான கணக்குதான். நிறுவனத்தின் பக்கம் கூட்டிப் பார்த்தால் 3 கோடியே 60 லட்சம் ரூபாய். பெரிய திருட்டைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கினால் யாரும் கேட்க வர மாட்டார்கள் என்பதுதான் இதில் உள்ள கொடுமை. ஊர் வழக்கின் பழைய வடிவம் இங்கே முட்டி நிற்கிறது. மதகைத் திற, பாதையை விடு என்று கேட்பதற்கு அது நன்றாக வேலை செய்யும். சிதறிக் கிடக்கிற முன்பின் தெரியாதவர்களுக்குப் பணம் வாங்கிப் பங்கிட்டுக் கொடுப்பது வேறு வேலை.

அந்த வேலைக்கு முதலில் ஒரு முழு இயந்திரம் கட்டியது அமெரிக்கா. அங்கே உரிமையியல் நடைமுறை விதிகளில், கூட்டு வழக்குக்கென்று 1938 முதலே விதி 23 என்று ஒன்று உண்டு. 1966-ல் அதைத் திருத்தியபோதுதான் எல்லாம் மாறியது. இழப்பீட்டு வழக்குகளில் ஒருவர் எல்லாருக்காகவும் வழக்குப் போடலாம். தகவல் கிடைத்த பிறகும் 'நான் இதில் இல்லை' என்று எழுதிக் கொடுக்காதவர்கள் எல்லாரும் உள்ளேதான். பேசாமல் இருந்தால் சம்மதம். மேலே சொன்ன 180 ரூபாய்க்காரருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். வழக்கில் சேர அவர் படிவம் நிரப்ப வேண்டாம், எங்கும் போக வேண்டாம். 'நானும் வருகிறேன்' என்று பெயர் கொடுத்தவர்களை மட்டும் சேர்க்கிற முறையில், சின்னத் தொகைக்கு மிகச் சிலர்தான் பெயர் கொடுப்பார்கள். உலகில் கூட்டு வழக்குச் சட்டம் எழுத உட்காருகிற ஒவ்வொரு நாடும் முதலில் சண்டை போடுவது இந்த ஒரு கேள்வியில்தான்: பேசாமல் இருப்பவர் உள்ளேயா, வெளியேயா?

அமெரிக்க முறையில் நீதிபதி முதலில் வாசலில் நின்று பார்ப்பார். ஆட்கள் உண்மையிலேயே ஏராளமா, கேள்வி எல்லாருக்கும் பொதுவா, முன்னால் நிற்பவரின் குறை மற்றவர்கள் குறையைப் போன்றதா, அவரும் வக்கீலும் எல்லாருக்காகவும் ஒழுங்காக உழைப்பார்களா என்று. 2011-ல் வால்மார்ட் வழக்கு இந்த வாசலிலேயே நின்றுபோனது. சம்பளத்திலும் பதவி உயர்விலும் பாகுபாடு என்று சுமார் 15 லட்சம் பெண் ஊழியர்கள் சார்பில் வந்த வழக்கு. ஆயிரக்கணக்கான கடைகளில் வெவ்வேறு மேலாளர்கள் எடுத்த முடிவுகளை ஒரே கேள்வியாக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வக்கீலுக்குக் கூலி, ஜெயித்தால் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு. தோற்றால் ஒன்றும் இல்லை. அதனால்தான் ஏழைகளின் சின்னக் குறைகளைத் தேடி வக்கீல்களே வருகிறார்கள். அதே காரணத்தால், வக்கீலுக்கு லட்சங்களும் மக்களுக்குத் தள்ளுபடிச் சீட்டும் கிடைத்த சமரசங்களும் அங்கே நிறைய நடந்திருக்கின்றன. அப்படிப்பட்ட சீட்டுச் சமரசங்களைக் கட்டுப்படுத்த 2005-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. நிறுவனங்களும் சும்மா இல்லை. வாடிக்கையாளர் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்திலேயே 'தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் தனித்தனியாக மத்தியஸ்தத்துக்குத்தான் வர வேண்டும்' என்று எழுதிவிடுகிறார்கள். இலவச போன் என்று சொல்லி 30 டாலர் சொச்சம் வரி வாங்கிய ஒரு வழக்கில், அந்த நிபந்தனை செல்லும் என்று 2011-ல் தீர்ப்பு வந்தது. 30 டாலருக்கு யார் தனியாகப் போவார்?

இந்த விஷயத்தில் நம் நுகர்வோர் நிலை மேல். ஒப்பந்தத்தில் மத்தியஸ்தம் என்று எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிற உரிமை பறிபோகாது என்பதை நம் உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்திருக்கிறது.

அமெரிக்காவுக்கு வெளியே இது மெல்லத்தான் பரவியது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1978-ல், பிரேசில் 1985-ல், ஆஸ்திரேலியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 1992-ல். ஆஸ்திரேலியாவில் ஏழு பேருக்கு ஒரே மாதிரிக் குறை இருந்தால் போதும். அங்கே எதிர்த்தரப்பு தனியார் நிறுவனமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அரசே கணினி வைத்துத் தப்பான கணக்குப் போட்டு, உதவித்தொகை வாங்கிய லட்சக்கணக்கான ஏழைகளிடம் 'எங்களுக்கு நீ பாக்கி' என்று கடன் கேட்ட கதை ஒன்று உண்டு. ரோபோடெட் என்பார்கள். கூட்டு வழக்கு வந்த பிறகு, வசூலித்த பணத்தைத் திருப்பித் தந்ததோடு 11.2 கோடி ஆஸ்திரேலிய டாலர் கூடுதலாகவும் தர அரசு ஒப்புக்கொண்டது. 2021-ல் நீதிமன்றம் அதை ஏற்றது.

ஐரோப்பா நீண்ட காலம் தயங்கியது. வராதவரைத் தீர்ப்பு எப்படிக் கட்டும் என்பது அவர்களுடைய பழைய மனக்குறை. மனம் மாறியதற்கு ஒரு பெரிய காரணம் ஃபோக்ஸ்வாகன். டீசல் கார்கள் புகைப் பரிசோதனையில் மட்டும் யோக்கியமாக நடந்துகொள்ளும்படி மென்பொருள் வைத்தது 2015-ல் வெளியானது. அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு அடுத்த வருடமே, காரைத் திருப்பி வாங்குவது உள்பட சுமார் 1000 கோடி டாலர் வரை போகக்கூடிய சமரசம். அதே நிறுவனத்தின் சொந்த நாட்டில், அதே ஏமாற்றுக்கு ஆளான ஜெர்மானியர் தனித்தனியாக வக்கீல் தேடிக்கொண்டிருந்தார். ஜெர்மனி அவசரமாக 2018-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி ஒரு நுகர்வோர் கூட்டமைப்பு வழக்கு நடத்த, 2020-ல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சமரசம் கிடைத்தது. அதே 2020-ல் ஐரோப்பிய ஒன்றியம், நுகர்வோர் கூட்டு வழக்குக்கு வழி செய்யச் சொல்லி எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவான கட்டளை போட்டது. அங்கே முன்னால் நிற்பது தனி வக்கீல் இல்லை, தகுதி பெற்ற அமைப்புகள்தான். அமெரிக்க வக்கீல் வியாபாரம் தங்கள் ஊருக்கு வரக்கூடாது என்ற கவனம் அதில் தெரிகிறது.

ஜப்பானும் அமைப்புகள் வழியையே எடுத்தது. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் பெண்களுக்கு ரகசியமாக மதிப்பெண் குறைத்த டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம், அந்த மாணவிகளிடம் வாங்கிய தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கடமைப்பட்டது என்று 2020-ல் தீர்ப்பானது இப்படி ஓர் அமைப்பு போட்ட வழக்கில்தான். சீனாவில் காங்மெய் என்ற மருந்து நிறுவனம் பொய்க் கணக்குக் காட்டியதற்காக, 2021-ல் சுமார் 52,000 முதலீட்டாளர்களுக்கு ஏறக்குறைய 246 கோடி யுவான் தரச் சொன்னது நீதிமன்றம். அதுவும் பேசாமல் இருந்தவர்களையும் சேர்த்த வழக்கு.

எல்லாவற்றிலும் என் மனதில் நிற்பது தென்னாப்பிரிக்கா. தங்கச் சுரங்கத்தின் கல்தூசியை வருடக்கணக்காகச் சுவாசித்து நுரையீரல் இறுகிப்போன தொழிலாளர்கள். பலர் பக்கத்து நாடுகளிலிருந்து வந்து, நோயோடு ஊர் திரும்பி, கிராமங்களில் இருமிக்கொண்டே செத்துப்போனவர்கள். இவர்களில் ஒருவர் தனியாகச் சுரங்கக் கம்பெனி மேல் வழக்குப் போட்டு ஜெயிப்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. 2016-ல் நீதிமன்றம் கூட்டு வழக்குக்கு அனுமதி கொடுத்தது, இறந்தவர்களின் குடும்பங்களையும் சேர்த்து. 2019-ல் சுமார் 500 கோடி ராண்ட் சமரசம் உறுதியானது. முக்கூடலிலும் ஆலங்குளம் பக்கமும் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் புகையிலைத் தூளோடு உட்கார்ந்திருக்கும் பீடி சுற்றுகிற பெண்களை நினைக்காமல் என்னால் அந்த வழக்கைப் பற்றிப் படிக்க முடிவதில்லை.

சரி, நம் நாட்டில்? 1984 டிசம்பரில் போபால், அமெரிக்க நிறுவனமான யூனியன் கார்பைடின் ஆலையிலிருந்து கசிந்த விஷவாயு. 1985-ல் ஒரு சட்டம் போட்டு, பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்காகவும் வழக்கு நடத்தும் உரிமையை மத்திய அரசே எடுத்துக்கொண்டது. அமெரிக்க நீதிமன்றம் 1986-ல் 'இந்தியாவிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பிவிட்டது. 1989-ல் 47 கோடி டாலருக்குச் சமரசம் முடிந்தது, பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமலே. விதி 8 போட்ட பூட்டு, எல்லாருக்கும் தெரிவிக்காமல் சமரசம் கூடாது என்கிற அந்தப் பூட்டு, மிகப் பெரிய வழக்கில் திறந்தே கிடந்தது. முன்னால் நிற்பவர் அரசாங்கமாகவே இருந்தாலும் அவரைக் கேள்வி கேட்க ஒரு வழி வேண்டும் என்று நான் நம்புவது போபாலால்தான்.

அடுத்தது சத்யம் என்ற ஹைதராபாத் மென்பொருள் நிறுவனம். 2009 ஜனவரியில் அதன் தலைவர் கணக்கெல்லாம் பொய் என்று எழுதிக் கொடுத்தார். அமெரிக்கப் பங்குச் சந்தையில் அந்தப் பங்கை வாங்கியிருந்தவர்களுக்கு, அங்கே நடந்த கூட்டு வழக்கில் நிறுவனம் 12.5 கோடி டாலர் கொடுத்தது. மும்பைச் சந்தையில் வாங்கிய நம்மவர்களுக்கு அப்படி ஒரு வழி இருக்கவில்லை. 2013-ஆம் வருடக் கம்பெனிகள் சட்டத்தில் 245-ஆம் பிரிவு வந்ததற்கு இது முக்கியக் காரணம். பெரிய கம்பெனிகளில் 100 பங்குதாரர்கள் சேர்ந்தால் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2016-ல் நடைமுறைக்கு வந்தும், அதைப் பயன்படுத்தியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

பொதுநல வழக்கையும் இதையும் நிறையப் பேர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்தில் பொதுநல வழக்குக்குக் குறைவில்லை. தாமிரபரணியில் மணல் அள்ள 2010-ல் ஐந்து வருடத் தடை வந்தது நல்லகண்ணு அவர்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தொடுத்த வழக்கில். கங்கைகொண்டான் குளிர்பான ஆலைகளுக்கு ஆற்றுத் தண்ணீர் கொடுப்பதை 2016 நவம்பரில் இடைக்காலமாக நிறுத்திய அதே மதுரைக் கிளை, 2017 மார்ச்சில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. இவை எல்லாம் செய், செய்யாதே என்று உத்தரவு கேட்கிற வழக்குகள். தூத்துக்குடி ஸ்டெர்லைட் விவகாரத்தில் ஒரு படி மேலே போய், 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. அந்தப் பணம் ஆட்சியரிடம் வைப்புத்தொகையாகப் போய், வட்டி சுற்றுப்புறத்தைச் சீராக்கச் செலவாக வேண்டும் என்பது உத்தரவு. மூச்சுத் திணறியவர், கிணறு கெட்டுப்போனவர் என்று ஆளுக்கு இவ்வளவு என்ற பேச்சு அதில் இல்லை. கூட்டு வழக்காக இருந்திருந்தால் அந்தக் கேள்விதான் நடுவில் இருந்திருக்கும்.

ஆளுக்கு ஆள் தொகை மாறினாலும் ஒரே வழக்காக நடத்தலாம் என்பதும் நம் சட்டத்துக்குப் புதிதில்லை. சென்னை அசோக் நகரில் வீடு ஒதுக்கிப் பல வருடம் கழித்து, வீட்டு வசதி வாரியம் கூடுதல் பணம் கேட்டுத் தனித்தனியாக நோட்டீஸ் அனுப்பியது. ஒருவர் எல்லாருக்காகவும் வழக்குப் போட்டார். நோட்டீஸ் தனித்தனி என்றாலும் நலன் ஒன்றுதான், வழக்கு செல்லும் என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நலன் ஒன்று என்பதைக் காட்டத்தான் வேண்டும். பெங்களூரில் 1134 வீடுகள் கொண்ட குடியிருப்பில் 91 பேர் மொத்தக் குடியிருப்புக்காகவும் வந்தபோது, எல்லாருடைய குறையும் ஒன்றுதான் என்பதற்கு மனுவில் போதிய விவரம் இல்லை என்று 2021-ல் அதே நீதிமன்றம் மறுத்தது. அந்த 91 பேருக்காக மட்டும் வழக்கைத் தொடர விட்டது.

இவ்வளவு வழி இருந்தும் இங்கே ஏன் வழக்குகள் குவியவில்லை? என் பதில்: தலைக்கட்டு வரிக்கு நகரத்தில் மாற்று இல்லை. ஜெயித்தால் பங்கு என்று பேசி வக்கீல் வழக்கெடுப்பதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. வக்கீல் அல்லாத மூன்றாவது ஆள் வழக்குக்குப் பணம் போடுவதற்குத் தடை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் குறிப்பிட்டிருந்தாலும், அந்தப் பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. அப்புறம் காலதாமதம். பத்து வருடம் கழித்து வரும் 180 ரூபாய்க்கு யாரும் செலவு செய்ய மாட்டார்கள்.

நம்மைப் போன்றவர்களுக்குக் கைக்கு எட்டுகிற வழி 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான். ஒரே நலன் உள்ள பலருக்காக ஒருவர், ஆணையத்தின் அனுமதியோடு, புகார் கொடுக்கலாம். பழைய விதி 8-ன் பூட்டுகள் அங்கேயும் பொருந்தும். நாம் குடியிருக்கும் இடத்து ஆணையத்திலேயே போடலாம், ஆன்லைனிலும் போடலாம். அதிகம் பேசப்படாத இன்னொரு அதிகாரமும் அதே சட்டத்தில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் ஏராளம், அவர்களை எளிதில் அடையாளம் காண முடியாது என்றால், நிறுவனம் ஒரு மொத்தத் தொகை கட்ட வேண்டும் என்று ஆணையம் உத்தரவிடலாம். அது குறைபட்ட பொருளின் அல்லது சேவையின் மொத்த மதிப்பில் 25 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. செல்போன் கணக்கில் போட்டுப் பார்த்தால் 90 லட்சம் ரூபாய்.

யாராவது கூட்டு வழக்கு என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டு வந்தால், 'அண்ணாச்சி, கோர்ட்டோ ஆணையமோ அனுமதி கொடுத்தாச்சா? செலவு யார் பொறுப்பு?' என்று தயங்காமல் கேளுங்கள். பெயர் எதுவும் எழுதாத வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். பில், குறுஞ்செய்தி, வங்கிக் கணக்குப் பதிவு எதையும் அழிக்காமல் வையுங்கள். உங்கள் குறையும் மற்றவர்கள் குறையும் ஒன்றுதான் என்று காட்டப்போவது அவைதான். நுகர்வோர் புகாருக்குக் கெடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம். அதைத் தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் காட்டி முதலில் ஆணையத்தை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும்.